கருப்பையா இல்லாத படம்

போன வாரம் பந்தல்குடியில் காதர் பாய் கடைக்குக் கேமரா மாட்டப் போயிருந்தேன். கேமரா என்றதும் கல்யாணக் கேமரா என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிழைப்பெல்லாம் செல்போன் வந்த பிறகு போயே போச்சு. இப்போது நான் மாட்டுவது சுவரின் மூலையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனை எல்லாம் முறைத்துப் பார்க்கிற கண்காணிப்புக் கேமரா. பாய் பாதி ஆயுசைச் சவுதியில் கழித்துவிட்டு வந்து மளிகைக்கடை வைத்திருக்கிறார். கடை வேலையாட்கள் மேல் சந்தேகம், சரக்கு இறக்க வருகிற லாரிக்காரர்கள் மேல் சந்தேகம். நான் ஏணியில் நின்ற நேரம் முழுக்கக் கீழேயே நின்றதால் என் மேலும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிகிற நேரத்தில் சொன்னார்: "தம்பி, இது பாட்டுக்கு ராப்பகலா ஓடுனா டிஸ்க்கு நெறஞ்சு போகுதாம்ல. அசஞ்சா மட்டும் பிடிக்கிற மாதிரி ஒண்ணு இருக்காமே, அதுல வச்சு விடுங்க. சும்மா நிக்கிறவனைப் பிடிச்சு என்னத்துக்கு ஆகப்போகுது?"

சரி பாய் என்று வைத்துவிட்டு இறங்கினேன். இறங்கின இடத்தில் கொத்தமல்லி மூட்டை அடுக்கியிருந்தது. அந்த வாசனையும் பாய் சொன்ன அந்தப் பேச்சும் சேர்ந்து என்னைப் பரளச்சியில் ஒரு பருத்திக் குடோனுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டன. அங்கேயும் ஒரு மூலையில் கொத்தமல்லி மூட்டைதான். நான் என் வாழ்நாளில் பார்த்த படங்களிலேயே ரொம்பச் சின்னப் படத்தை அந்தக் குடோனில்தான் பார்த்தேன். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் படம் செய்த வேலை இருக்கிறதே, மூன்று மணி நேரம் ஓடுகிற எந்தப் படமும் செய்ததில்லை.

கதைக்குப் போகும் முன்னால் எங்கள் பக்கத்து ஆட்களின் குணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டுக்காரரிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். "ஏன், எங்க போகணும்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், "அங்க யாரைப் பாக்க?" என்பார். அதற்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் மணி தெரியும். அதையும் சும்மா குறை சொல்லக் கூடாது. மழையை நம்பி விதைத்து ஏமாந்து, பருத்திக்கு இந்த விலை என்று சொன்னவனை நம்பி ஏமாந்து, லோனு தள்ளுபடி என்றவனை நம்பி ஏமாந்து வந்த சனம். பருவம் தப்பி ரெண்டு தூறல் விழுந்தால்கூட "இது எதுக்குப் பெய்யுது?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நானும் அதே மண்தான். என் பெண்டாட்டி கூடுதலாக ஒரு தோசை வைத்தால், என்ன கேட்கப் போகிறாளோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

அப்போது எனக்கு இருபது வயதுக்கு ரெண்டு கூடவோ குறையவோ இருக்கும். அருப்புக்கோட்டையில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் வேலை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் லைட்டைத் தூக்கிப் பிடிப்பதில் தொடங்கிக் கேமரா பிடிக்கிற அளவுக்கு வந்திருந்தேன். ஒருநாள் காலையில் சென்னையிலிருந்து அனுராதா மேடம் வந்து இறங்கினார்கள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு பெட்டி. சொந்தமாகப் படம் எடுப்பதாகவும், உள்ளூர் தெரிந்த ஒரு உதவியாள் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

முதலாளி ரொம்ப மரியாதையாக உட்கார வைத்து, என்ன படம், யார் நடிக்கிறார்கள் என்று விசாரித்தார். யாரும் நடிக்கவில்லை என்றார்கள். கதை என்ன என்றார். கதை கிடையாது என்றார்கள். பாட்டு? கிடையாது. பேச்சு? சத்தமே கிடையாது. பிறகு என்னதான் எடுக்கப் போகிறீர்கள் என்றதற்கு, ஒரு வெறும் காட்டைச் சூரியன் உதிப்பதிலிருந்து அடைவது வரை எடுக்கப் போகிறேன் என்றார்கள். காடு என்றால் மரக்காடு இல்லை. மழையை நம்பி விதைக்கிற கரிசல் நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். மேடம் அந்தச் சொல்லை அப்போதே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். அதுவே முதலாளிக்கு முதல் சந்தேகம்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் என்னை உள்ளே கூப்பிட்டார். "ஏலே, கதாநாயகனும் இல்ல, கதாநாயகியும் இல்ல. வெறுங்காட்டப் போயி எவனாச்சும் படம் பிடிப்பானா? சோழியன் குடுமி சும்மா ஆடாதுலே. கூடவே இருந்து என்ன ஏதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு." அவருக்கு இருந்த பயம், இந்த அம்மா அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ போட இடம் பார்க்க வந்திருக்கிறார்களோ என்பதுதான். ஆக, மேடத்துக்கு உதவியாளாகவும் முதலாளிக்கு ஒற்றனாகவும் ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தக் கேமராவைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேட்டரி கிடையாது. வயர் கிடையாது. பழைய கடிகாரத்துக்குக் கொடுக்கிற மாதிரி சாவி கொடுக்க வேண்டும். உள்ளே சுருள் பிலிம். எடுத்ததைத் திருப்பிப் பார்க்க முடியாது; வெளிநாட்டுக்கு அனுப்பிக் கழுவி வாங்கினால்தான் உண்டு. நாங்கள் கம்ப்யூட்டரில் பெண் மாப்பிள்ளையைத் தாமரைப் பூவுக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த அம்மா நம் தாத்தா காலத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால் ஒன்று பணக்காரக் கிறுக்கு, இல்லையென்றால் வேறு ஏதோ உள்வேலை. பணக்காரர் மாதிரித் தெரியவில்லை. செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது.

பரளச்சிக்குக் கிழக்கே ஒற்றைப் பனை ஒன்று நிற்கிற காடு அவர்களுக்குப் பிடித்துப்போனது. பங்குனி மாதம். வெள்ளாமை எடுத்து, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கே முக்காலியை நட்டு, கேமராவின் கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். வெளிச்சத்தைக் குறைப்பதற்காம். குறைத்துவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண்ணைச் சில விநாடிகள் திறந்தே வைக்கலாம். மூடி, அடுத்த படத்துக்கு மறுபடி திறக்க வேண்டும். இப்படியே நாள் முழுக்க. "அந்த நேரத்துல அசையறது எதுவும் பதியாது. பறவை, ஆடு, நடக்கிற மனுஷங்க எல்லாம் காணாமப் போயிருவாங்க. நிக்கறது மட்டும்தான் பதியும். எனக்கு யாருமே இல்லாத நிலம்தான் வேணும்" என்றார்கள். ஆள் இல்லாத நிலத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

இதுவரை எல்லாம் சரிதான். படம் பிடிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கேமராவுக்குள் விழுகிற இடம் எதுவரை என்று ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, கருவேலங்குச்சி நாலு வெட்டி, தன் பழைய சிவப்புத் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டி, காட்டின் நாலு பக்கமும் நட்டுவிட்டார்கள். நானும்தான் குழி தோண்டிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் முக்காலியும் சிவப்புத் துணிக் குச்சியும் சேர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிலம் அளக்க வந்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு அது, வெயிலில் கரண்ட் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் மானாவாரிக் காட்டையெல்லாம் வளைத்து வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியிருந்த நேரம். மேடம் கம்பெனி ஆள் என்றது ஒரு டீக்கடை. சர்க்கார் ஆள், மாறுவேஷத்தில் வந்திருக்கிறது என்றது இன்னொரு டீக்கடை. படம்தான் எடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன். "எந்த நடிகரு வாராரு?" என்றார்கள். யாரும் இல்லை என்றேன். அவ்வளவுதான், என்னையும் கம்பெனியோடு சேர்த்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே சீனியம்மாள் வந்தாள். ஒற்றைப் பனையை ஒட்டின காடு அவளுடையது. புருஷன் செத்து, மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, தன்னந்தனியாக வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் ஒரு சொம்பு மோர். சும்மா யாரும் மோர் கொண்டுவர மாட்டார்களே என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். நினைத்தது சரிதான்.

அவள் காட்டுக்கு மேற்கே அவளுடைய கொழுந்தன் கருப்பையா காடு. ரெண்டு பேர் நிலத்துக்கும் நடுவே உழாமல் விடுகிற கோட்டைப் பொழி என்போம். அந்தப் பொழியை ஒட்டி, சீனியம்மாள் நிலத்திலேயே ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை உண்டு. அவள் காட்டுக்குள் டிராக்டரோ வண்டியோ நுழைய அந்த ஒரு வழிதான். அண்ணன் செத்ததிலிருந்து கருப்பையா வருஷத்துக்கு ஒரு சால் கூடுதலாக உழுதார். பொழி நகர்ந்தது. பிறகு ஒருநாள் எல்லைக்கல்லும் நகர்ந்துவிட்டது. வண்டிப்பாதை இப்போது கருப்பையாவின் காட்டுக்குள். பாதை போனால் உழவில்லை. உழவில்லாத காட்டை அவர் சொல்கிற விலைக்கு அவருக்கே கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். கல் நகர்ந்தது ஊருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊரில் ஒரே டிராக்டர் கருப்பையாவிடம் இருந்தது. மழை விழுந்ததும் எல்லோருக்கும் அது வேண்டும். யார் வாயைத் திறப்பார்கள்?

சர்வேயருக்கு மனுக் கொடுத்துவிட்டு அவர் வருவார் வருவார் என்று காத்திருந்தவள், முக்காலியைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். இது அளக்கிற மிஷின் இல்லக்கா, படம் பிடிக்கிற பெட்டி என்று விளக்கினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொட்டிக்குள்ள நான் விழுவேனா தம்பி?"

மேடம் சொன்ன சங்கதியை அப்படியே அவளிடம் சொன்னேன். நடந்தால் விழாது, அசையாமல் நின்றால்தான் விழும்.

"கையக் கால ஆட்டுனாலும் விழாதா?"

"விழாதுக்கா."

சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடியும் முன்பே போய்ச் சாவி கொடுத்து ஆரம்பித்தோம். முதல் வெளிச்சத்தில் காடு வெறிச்சென்று இருந்தது. மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. சூரியன் பனைக்கு மேலே ஏறுவதற்குள் முதல் ஆள் வந்தார். தன் காட்டு எல்லைக்கல்லில் போய் நின்றார். பின்னாலேயே இன்னொருவர். அப்புறம் ஒரு குடும்பம். கொஞ்ச நேரத்தில் கேமராவுக்குள் விழுகிற காடு முழுக்க ஆட்கள், ஆளுக்கு ஒரு கல்லில். எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். அளக்க வந்தால் நிலத்துக்காரன் கல்லில் நிற்க வேண்டும். நிற்காதவன் கல் நடந்துவிடும் என்பார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது. கொஞ்சம் நகரச் சொல்ல முடியுமா என்றார்கள். போய்க் கேட்டேன். "எதுக்கு நகரணும்? நாங்க நகர்ந்த பெறகு நீங்க என்ன செய்யப்போறீக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சந்தேகப்பட்டவனை நகரச் சொல்வதைப் போல முட்டாள்தனம் வேறு கிடையாது. அதுவரை சும்மா நின்றவர் அதற்குப் பிறகு கல்லின் மேலேயே ஏறி நின்றுகொண்டார். பிலிம் ஒரு சுருள்தான் மிச்சம் இருந்தது. மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, இருக்கறத எடுப்போம்" என்று அடுத்த படத்துக்குக் கண்ணைத் திறந்தார்கள்.

சீனியம்மாள் எல்லோருக்கும் முன்னாடியே வந்துவிட்டாள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். கல் இப்போது இருக்கிற இடத்தில் நிற்கவில்லை. பழைய கல் இருந்த இடத்தில், மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, காம்பின் மேல் ரெண்டு கையையும் வைத்து, அதன் மேல் தாடையை வைத்து, நட்டுவைத்த மாதிரி நின்றாள். வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம், நகர்ந்த கல்லுக்குப் பக்கத்தில் கருப்பையா. அவர் எங்கே நின்றார்? ஓரிடத்தில் நிற்கிற ஆளே இல்லை அவர். கல்லுக்கும் பனைக்கும் நடந்தார். பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய்ப் புகையிலை கொடுத்துவிட்டு வந்தார். நான் இருந்த பக்கம் வந்து, யாரைக் கேட்டு அளக்கிறீர்கள் என்று ஒரு பாட்டம் சத்தம் போட்டார். திரும்பிப் போய், "மதினி, யாரைக் கூட்டியாந்திருக்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று அவளிடம் கத்தினார். அவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் அசைய வேண்டுமே.

உச்சி வெயிலில் பாதிப் பேர் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி நின்றார்கள். அவள் போகவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய் நீட்டினேன். கையை எடுக்காமலே வாயில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். உதடு வெடித்திருந்தது. "போயிரு அக்கா, போதும்" என்றேன். உதட்டை மட்டும் அசைத்து, "நீ தள்ளிக்க தம்பி, மறைக்கிற" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தக் காட்டில் நின்ற அத்தனை பேரும் அளவுக்காக நிற்கிறார்கள், இவள் ஒருத்தி மட்டும்தான் படத்துக்காக நிற்கிறாள் என்று. கும்பிட வேண்டும் போல இருந்தது. நின்று கும்பிட்டால் அவளைக் கேமராவுக்கு மறைத்துவிடுவேன் என்று ஓடி வந்துவிட்டேன்.

சூரியன் அடைந்த பிறகு கேமராவைப் பெட்டியில் வைத்த சத்தம் கேட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளை ரெண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிப் போனார்கள்.

முதலாளியிடம் போய், மேடம் ஸ்டுடியோ போடப் போவதில்லை என்று ஒற்றன் வேலையை ஒழுங்காக முடித்தேன். நம்பவில்லை. "உன்னையவே ஏமாத்திருச்சாலே அந்தம்மா" என்றார்.

மேடம் போகும்போது ஊருக்குச் சொன்ன வார்த்தை தவறாமல் படத்தைக் காட்டுவதற்குத் திரும்பி வந்தார்கள். ஆடி போய் ஆவணி வந்திருந்தது. ஊரே ஆச்சரியப்பட்டுப்போனது, எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வந்த சரித்திரம் கிடையாதே. பருத்திக் குடோனில் மத்தியானம் தகரக் கதவை அடைத்துவிட்டு, அருப்புக்கோட்டைத் தறியிலிருந்து நான் வாங்கி வந்த காடாத் துணியைக் கட்டினோம். உள்ளே பருத்திக்கொட்டை வாசனை, கொத்தமல்லி வாசனை, வேர்வை வாசனை. கரகரவென்று மிஷின் ஓட ஆரம்பித்ததும், பல்லி பூச்சியைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் துணியைப் பார்த்தார்கள்.

ஒரு பகல் முழுக்க அந்தச் சில நிமிஷத்துக்குள் ஓடியது. வானத்தில் மேகம் பறந்தது. கரிசல் நீலமாகி, வெளுத்து, சிவந்து, கறுத்தது. ஆட்கள் புகை மாதிரித் தோன்றினார்கள், கலைந்தார்கள். "ஏ, அந்தா நானு" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் இல்லை. அத்தனை பேருக்கும் நடுவில் சீனியம்மாள் மட்டும் கல்லில் செதுக்கின மாதிரி நின்றாள். அவளுடைய நிழல்தான் மேற்கே நீண்டு கிடந்து, காலடிக்குள் சுருங்கி, கிழக்கே நீண்டுபோனது. அவள் போகவே இல்லை. படம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது என்று இப்போது சொன்னால், ரொம்பப் பேசுகிறான் என்பீர்கள்.

இன்னொருக்கா போடுங்க என்றார்கள். போட்டோம். மறுபடியும் போட்டோம். அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. "கருப்பையாவ எங்கப்பா காணோம்?"

உண்மைதான். கல் இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தார்கள். பொழியின் அந்தப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி வெறும் மண்.

கருப்பையா எழுந்துவிட்டார். "நான் அங்கனதான இருந்தேன். பொழுதுக்கும் இருந்தேனப்பா. ஏலே, நீ எங்கிட்டப் பொயல வாங்கிப் போடல? சொல்லேன்ல." புகையிலை வாங்கிப் போட்டவர் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனுஷனைச் சின்னப் பிள்ளை மாதிரி அந்த இருட்டில் பார்த்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

மேடம் பதறிப்போய் மிஷினை நிறுத்தினார்கள். அவர் வந்தார், நடந்துகொண்டே இருந்ததால் பதியவில்லை, இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது அதற்காக எடுத்த படம் இல்லை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். அப்போது சீனியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"அந்தம்மா சொல்றது நெசந்தான். அவுக வந்தாக. இல்லேங்கல. வந்தாக, போனாக, ஏசினாக. நிக்கல. நிக்கிறவுகளுக்குத்தான காடு?"

கல்லின் மேல் ஏறி நின்றாரே, அந்தப் பெரியவர்தான் தொண்டையைச் செருமினார். "படத்துல உள்ளபடி கல்ல வச்சிருவமே" என்றார். வச்சிருவோம், வச்சிருவோம் என்று நாலா பக்கமும் குரல் கேட்டது. மறுநாள் கல்லைப் பிடுங்கி, அவள் மண்வெட்டி ஊன்றி நின்ற இடத்தில் நட்டு, சுண்ணாம்பும் பூசிவிட்டார்கள். சர்வேயர் கடைசி வரை வரவில்லை. அந்தப் புரட்டாசியில் கருப்பையாவின் டிராக்டர் அவள் காட்டுக்கு வரவில்லை. பந்தல்குடியிலிருந்து வேறு டிராக்டர் வந்தது, வண்டிப்பாதை வழியாக.

படம் பிற்பாடு எங்கெங்கோ வெளிநாட்டுக்கெல்லாம் போனதாம். மனுஷனுக்கும் காலத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய படம் என்று அங்கே பாராட்டினார்கள் என்று மேடம் போனில் சொன்னார்கள். இருக்கட்டும். வண்டிப்பாதை என்ன ஆயிற்று என்று அங்கே ஒருத்தராவது கேட்டிருப்பார்களா?

எனக்குச் சில சந்தேகங்கள் இன்னும் தீரவில்லை. அந்த ஊர் ஆட்கள், கேமரா பொய் சொல்லாது என்று நிஜமாகவே நம்பினார்களா? தன் கண்ணால் பார்த்த கருப்பையாவை, துணியில் காணோம் என்பதற்காக இல்லை என்று சொல்கிற அளவுக்கு அவர்கள் வெள்ளந்தி கிடையாது. டிராக்டர்க்காரரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. அது அவர்களுக்குச் சென்னையிலிருந்து வந்தது. நான் அப்படித்தான் நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. கருப்பையா சில தடவை கல்லருகே நின்று மூச்சு வாங்கத்தான் செய்தார். அப்போதெல்லாம் மேடம் கேமராவின் கண்ணைத் திறந்தார்களா, மூடியே வைத்திருந்தார்களா? ஒருமுறை போனில் கேட்டேவிட்டேன். "உங்க ஊர்க்காரர்தான் நீங்க" என்று சிரித்தார்கள். பதில் அதுதானா என்று தெரியவில்லை.

சீனியம்மாள் கொரோனாவுக்கு அடுத்த வருஷம் செத்துப்போனாள். மகன் திருப்பூரிலிருந்து வந்து காரியம் செய்துவிட்டு, கொஞ்ச நாளில் காட்டை அந்த வெயில் கரண்ட் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கருப்பையாவும் அவருடையதைக் கொடுத்துவிட்டு மதுரையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அளக்கிறபோது யாரும் கல்லில் நிற்கவில்லையாம். மேலே குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டு, தறியில் ஊடு போடுகிற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டுமாக ஓட்டி அளந்துகொண்டு போய்விட்டார்களாம். சனங்கள் வீட்டு வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்தார்களாம். சிலர் அதைப் போனில் படம் பிடித்தார்களாம். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மணி கேட்டால் காரணம் கேட்ட சனம், இன்றைக்கு யார் போனில் கூப்பிட்டு என்ன நம்பர் கேட்டாலும் வாசித்துச் சொல்லிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் இப்போது பருத்தியைக் கூடக் கொஞ்சம் பார்க்கலாம். அந்தப் பழைய சந்தேகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

காதர் பாய் கடையில் ஏறி இறங்கின ரெண்டாம் நாள், அந்தக் காட்டுக்கே போகிற வேலை வந்தது. கம்பி வேலிக்குள் கேமரா ஒன்று பழுதாம், பாய் கேட்ட மாதிரியே அசைந்தால் மட்டும் பிடிக்கிறது. வாசலில் காவலுக்கு இருந்த வடக்கத்திப் பையன் என் ஆதார் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி கார்டைப் பார்த்தான். கோபம் வரவில்லை. எவ்வளவு நாளாயிற்று, ஒருத்தர் என்னை இப்படிப் பார்த்து, என்று இருந்தது.

வேலையை முடித்தேன். கண்ணாடித் தகடுகள் அடிவானம் வரைக்கும் சாய்ந்து படுத்திருந்தன. பனையும் இல்லை, பொழியும் இல்லை. வெள்ளையடித்த கல்லை எங்கே தேடுவது? பழைய ஓடைக்கரையையும் தூரத்துக் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஏறக்குறைய இதுதான் என்று ஒரு இடத்துக்குப் போனேன். ரெண்டு வரிசைத் தகடுகளுக்கு நடுவில் சரளை கொட்டின பாதை. அங்கே போய் நின்றேன். கையைக் காலை ஆட்டாமல், ஒரு டீ ஆறுகிற நேரம். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள். அவளுக்காக ஒரு தடவை நிற்க வேண்டும் போல இருந்தது.

திரும்பி வந்து, கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சரிபார்க்கிற சாக்கில், இப்போது பதிந்ததைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அந்தப் பையன் திரையில் ஓட்டிக் காட்டினான். நான் வாசலிலிருந்து நடந்து வந்தேன். தகடுகளுக்கு நடுவில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த நொடியே திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தேன். நின்றது அதில் இல்லை.